கூட்டத்தில் முதல் ஆளாக நகர்வது எப்படி

இரவு பத்தரை மணி இருக்கும். ரயில் பெட்டியில் முப்பது பேராவது இருந்தோம். கதவோர இருக்கையில் ஒரு பெண், பதினெட்டு பத்தொன்பது வயது, காதில் இயர்போன். எதிரே நின்ற ஆள் குனிந்து குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவன் விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து தோளால் இடித்தான். பெட்டியில் எல்லோருக்கும் அது தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நெஞ்சு படபடத்ததே தவிர கால் எழவில்லை.

இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் துணிப்பை. நேராகப் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, "ஏம்மா, கடைசி ஸ்டேஷன் வர இன்னும் எத்தனை நிறுத்தம் இருக்கு? எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை, கொஞ்சம் சொல்றியா?" என்று கேட்டார். அந்த ஆளை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெண் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் அடுத்த கேள்வி கேட்டார், அதற்கடுத்ததும் கேட்டார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்த ஆள் இறங்கிப் போய்விட்டான்.

அந்த அம்மாள் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, யார் மேலும் கை வைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். இதை என்னாலும் செய்திருக்க முடியுமே என்ற எண்ணம் ரொம்ப நாள் உறுத்தியது. அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், முதலுதவிப் பயிற்சிக்கும் போனேன். பெரிய நகரத்தில் நம்மையும் பார்த்துக்கொண்டு அடுத்தவருக்கும் கைகொடுக்க என்னென்ன கற்றுக்கொள்ளலாம் என்று இங்கே எழுதுகிறேன். சண்டை போடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எதிலும் இல்லை.

கால் ஏன் எழவில்லை

அக்கறை இல்லாததால் இல்லை. இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் சும்மா இருக்கிறார்களே, ஒருவேளை தெரிந்தவர்களோ என்னவோ என்றும் நினைத்தேன். பிப் லத்தானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968ல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நினைப்பை அப்படியே படம் பிடிக்கிறது. ஒரு அறையில் ஆட்களை உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள், சுவரிலிருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். அசையாமல் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இரண்டு பேரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்களாம்.

அந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்தது 1964ல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண்ணின் கொலை. 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவர்கூட எதுவும் செய்யவில்லை என்று பத்திரிகையில் வந்தது, உலகம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி நகரத்துக்காரர்களுக்கு ஈரமே கிடையாது என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அந்தக் கதையில் பாதி தவறு. ஜன்னலிலிருந்து ஒருவர் சத்தம் போட்டதும் கொலைகாரன் முதலில் விலகி ஓடியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிப் போய், உயிர் பிரியும் நேரத்தில் அவளை மடியில் தாங்கியிருக்கிறார். அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று அதே பத்திரிகையே 2016ல் ஒப்புக்கொண்டது. இன்னொன்று, 911 என்ற அவசர எண்ணே அப்போது கிடையாது, 1968ல்தான் வந்தது.

பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் தெருக் கேமராவில் பதிவான 219 தகராறுகளை ஆராய்ந்து 2019ல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பதில், சரியாகச் சொன்னால் 91 சதவீதத்தில், அங்கிருந்தவர்களில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். ஆள் கூடக்கூட யாராவது தலையிடும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. அதாவது கூட்டத்துக்கு மனசு இருக்கிறது, முதல் அடியை யார் எடுத்து வைப்பது என்பதில்தான் சிக்கல். அந்த அம்மாள் எழுந்த பிறகு இரண்டு பேர் எழுந்ததை நானே பார்த்தேன்.

உறைந்துபோகும் அந்த நொடிக்கு ஒரு பழக்கம் உதவும். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், உடனே உடம்பில் ஏதாவது ஒன்றை அசையுங்கள். பையைக் கீழே வையுங்கள், இல்லை ஒரு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். சின்ன அசைவு ஒன்று நடந்துவிட்டால் அடுத்த அசைவு சுலபமாகிவிடும்.

போனைத் தயாராக வைப்பது

நீங்கள் இருக்கும் நகரத்தின் அவசர எண் எது? யோசிக்காமல் சொல்ல வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, இந்தியாவிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. வெளியூர் போகும்போது டிக்கெட் எடுத்த கையோடு அந்த ஊர் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பூட்டிய போனிலிருந்தும் அவசர அழைப்பு போகும். ஆகவே மயங்கிக் கிடப்பவரின் போன் பக்கத்தில் கிடந்தால், கடவுச்சொல் தெரியாவிட்டாலும் அதிலிருந்தே கூப்பிடலாம்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக 5 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும், ஐபோனில் பக்கவாட்டு பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் போனில் அது எப்படி வேலை செய்கிறது என்று இன்றைக்கே அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் அங்கேயே பதிந்து வைக்கலாம்.

அழைப்பு எடுக்கப்பட்டதும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். "ஐயோ சீக்கிரம் வாங்க, இங்கே ஒருத்தரை அடிக்கிறாங்க" என்று ஆரம்பித்து நடுவில் லைன் போனால் அவர்களால் எங்கும் வர முடியாது. எந்தச் சாலை, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எந்த நடைமேடை, எந்தத் திசையில் போகும் வண்டி, இதெல்லாம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு அடி, ஆயுதம் இருக்கிறதா. அவர்கள் சொல்லும் வரை வைக்காதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

தனியாக நடக்கும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசி உங்களுக்கே தெரியும். இரவில் இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். யாரோ பின்தொடர்வது போலத் தோன்றினால் சாலையைக் கடந்து மறுபக்கம் போங்கள், அவரும் கடந்தால் சந்தேகம் உறுதி. அந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, வேகவேகமாக வீட்டுக்குப் போவது. போகவே கூடாது. வீடு எதுவென்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள், திறந்திருக்கும் கடை, மருத்துவமனை வாசல், காவலாளி நிற்கும் கட்டடம், எதுவானாலும் சரி. உள்ளே போய், "வெளியே ஒருத்தர் என் பின்னாடியே வர்றார், கொஞ்ச நேரம் இங்கே நிக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இப்படிக் கேட்டு வரும் ஒருவரை நீங்கள் விரட்டுவீர்களா?

போனில் கார் கூப்பிட்டிருந்தால், ஏறும் முன் எண்ணைப் பாருங்கள். "நீங்க குமார்தானே?" என்று நீங்களே பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள், யாராக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். "யாரை ஏத்திக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டு, உங்கள் பெயரை அவர் வாயிலிருந்து வரவையுங்கள்.

பையையோ போனையோ பிடுங்க வந்தால் கொடுத்துவிடுங்கள். கத்தி காட்டினால் யோசிக்கவே வேண்டாம், பொருளை ஒரு பக்கம் வீசிவிட்டு நீங்கள் எதிர்ப் பக்கம் ஓடுங்கள். இதில் மானம், ரோஷம் எதுவும் கிடையாது.

நீங்கள் என்று சொல்வதில் இருக்கும் பலம்

உங்களையே ஒருவர் தொந்தரவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் நம் வாயில் தானாக வருவது, "டேய், போடா!" அல்லது "நீ யார்ரா?". கேட்பவர் காதில் இது எப்படி விழும்? ஏற்கெனவே தெரிந்தவர்கள், குடும்பச் சண்டை, காதல் தகராறு. நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். மாறாக, "தள்ளி நில்லுங்க! நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது! என் கையை விடுங்க!" என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் என்ற ஒரே சொல்லில், இவர்கள் அந்நியர்கள் என்பது சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் புரிந்துவிடும். அந்த ஆளுக்கு மரியாதை கொடுப்பதாக நினைக்காதீர்கள், அந்தச் சொல் கூட்டத்தின் காதுக்கு. ஜெர்மன் மொழியிலும் இதே மாதிரி நீ, நீங்கள் வேறுபாடு உண்டு, அங்கேயும் பாதுகாப்புப் பயிற்சிகளில் மரியாதைப் பன்மையில் பேசத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. 1976ல் வெளியான ஒரு சோதனையில், ஒரு ஆணும் பெண்ணும் சண்டை போடுவது போல நடித்தார்கள். "உன்னை எனக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னே தெரியலை" என்று கத்தியபோது 19 சதவீதம் பேர்தான். தள்ளுமுள்ளு அதேதான், ஒரு வாக்கியம்தான் வேறு. கணவன் மனைவி என்றால் அடிக்கலாமா என்று கோபம் வருகிறது, வர வேண்டிய கோபம்தான். வேடிக்கை பார்க்கும் நிலையில் நாம் இருக்கும்போது இந்த 19ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, உறவா இல்லையா என்று நாம் தீர்மானிக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று, அந்த வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்வது வேறு, அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்புவது வேறு. பயத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்போது, முன்பு ஒரு முறையாவது வெளியே வந்த வாக்கியம்தான் மறுபடி வரும். கதவைச் சாத்திக்கொண்டு பத்து முறை கத்துங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பேச முடியாத நிலைக்கு ஒரு கை அடையாளம் இருக்கிறது. உள்ளங்கையை எதிரே இருப்பவர் பக்கம் காட்டி, கட்டை விரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன் மேல் மூட வேண்டும். கனடாவில் பெண்களுக்கான ஒரு அறக்கட்டளை 2020ல் அறிமுகப்படுத்தியது. 2021ல் அமெரிக்காவின் கென்டகியில், ஓடும் காருக்குள்ளிருந்து ஒரு சிறுமி இதைக் காட்டியதைப் பின்னால் வந்த வண்டிக்காரர் கண்டுகொண்டு 911க்குச் சொன்னார், சிறுமி மீட்கப்பட்டாள். காட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பார்த்தால் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தவருக்கு ஆபத்து என்றால்

பொது இடத் தொந்தரவுகளைப் பற்றிப் பயிற்சி கொடுப்பவர்கள் ஐந்து வழிகள் சொல்வார்கள். திசை திருப்புவது, வேறொருவரைத் துணைக்கு அழைப்பது, பதிவு செய்வது, முடிந்த பிறகு போய் விசாரிப்பது, நேரடியாகத் தட்டிக்கேட்பது. நேரடியாகக் கேட்பது ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். துணிச்சல் என்றதும் நமக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது, அதனால்தான் நம்மால் ஆகாது என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

திசை திருப்புவது என் கணக்கில் முதல் தரம். ரயிலில் அந்த அம்மாள் செய்தது அதுதான். தொந்தரவு செய்பவரிடம் போகாமல் தொந்தரவுக்கு ஆளானவரிடம் போக வேண்டும். வழி கேளுங்கள், நேரம் கேளுங்கள், தெரிந்தவர் போல, "அட, நீங்க இங்கேயா? வாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் இருக்காங்க" என்று கூப்பிடுங்கள். அவர் வரவில்லை என்றால் பரவாயில்லை, நீங்கள் சும்மா வழி கேட்டவர்தான். வந்தால் பத்தடி நகர்ந்ததும் சங்கதி முடிந்தது. தொந்தரவு செய்தவருக்கு அங்கே சண்டை போட ஆளும் இல்லை, தோற்றுப்போன அவமானமும் இல்லை, அதனால் பெரும்பாலும் வம்பு வளராது.

துணைக்கு ஆள் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம். "யாராவது உதவுங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள், யாராவது என்று ஒருவர் கூட்டத்தில் இல்லையே. ஒருவரைக் கண்ணால் பிடியுங்கள், விரலை நீட்டுங்கள், அடையாளம் சொல்லிக் கூப்பிடுங்கள். "நீலச் சட்டை அண்ணா, நீங்க ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க, பண்ணிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க." "சிவப்புப் பை வெச்சிருக்கிற அக்கா, நீங்க வாசலில் போய் நின்னு வண்டி வந்தா இங்கே கூட்டிட்டு வாங்க." பஸ், ரயில் என்றால் ஓட்டுநர், நடத்துநர், காவலர் யாரிடமாவது சொல்லுங்கள்.

இதை நான் நேரில் செய்து பார்த்திருக்கிறேன். போன வருடம் ஒரு சுரங்க நடைபாதைப் படிக்கட்டில் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றி நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது, எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் மண்டியிட்டபடி, எதிரே நின்ற ஒரு கல்லூரிப் பையனைப் பார்த்து, "தம்பி, மஞ்சள் தொப்பி, உன்னைத்தான், அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடு" என்றேன். அதுவரை சிலை மாதிரி நின்றிருந்தவன் சட்டென்று போனை எடுத்தான். என்னைவிடத் தெளிவாக அவன்தான் இடம் சொன்னான். ஒரு அக்கா கூட்டத்தைப் பின்னால் நகர்த்தினார், இன்னொருவர் தன் சால்வையை மடித்துக் கொடுத்தார். யாருக்கும் மனசில்லாமல் இல்லை, யாராவது வேலை கொடுக்கட்டும் என்று நின்றிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவருக்கு மூச்சு இருந்தது, அதனால் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. மூச்சு இல்லை என்றால், அல்லது விட்டு விட்டுத் திணறுகிற மாதிரி மட்டும் இருந்தால், நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் விடுங்கள், பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டுமே கூடப் பெரிய உதவி. இதயம் நின்ற பிறகு ஒன்றும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது, அதனால்தான் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரயில் நிலையம், விமான நிலையம், பெரிய வணிக வளாகங்களில் இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. பெட்டி மாட்டியிருப்பார்கள். திறந்து இயக்கினால் அதுவே குரலில் சொல்லிக்கொடுக்கும், தேவையில்லை என்றால் அதிர்வு கொடுக்காது, பயப்பட வேண்டாம்.

ரத்தம் கொட்டினால் துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். உடம்பில் குத்தி நிற்பது எதையும் பிடுங்காதீர்கள்.

உதவப் போய் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. இந்தியாவில் 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. ஜெர்மனியில் நிலைமை தலைகீழ், தனக்குப் பெரிய ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போனால் அதுவே குற்றம். நீங்கள் வசிக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

ஜெர்மன் போலீஸ் பொதுமக்களுக்கு ஆறு விதிகள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதில் முதல் விதியே, உன்னை ஆபத்தில் தள்ளிக்கொள்ளாமல் உதவு என்பது. மற்ற ஐந்தும் அதற்குப் பிறகுதான்: மற்றவர்களைக் குறிப்பிட்டுத் துணைக்கு அழை, ஆளின் அடையாளங்களைக் கவனி, போலீசைக் கூப்பிடு, பாதிக்கப்பட்டவரைக் கவனித்துக்கொள், சாட்சியாக நில். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது, குற்றவாளியைப் பிடி என்று எங்குமே இல்லை.

ஆயுதம் இருக்கிறதா, எதிரில் இருப்பவர்கள் பல பேரா, போதையில் தன்னிலை இழந்திருக்கிறாரா, உங்களோடு குழந்தை இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கிட்டே போகாதீர்கள். தூரத்திலிருந்து போன் செய்வதும், "போலீசுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்காங்க!" என்று பலர் சேர்ந்து குரல் கொடுப்பதும் தலையிடுவதுதான். நேரடியாகப் பேசியே ஆக வேண்டும் என்றால் இரண்டு கை தூரத்துக்கு மேல் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள், உள்ளங்கை தெரியும்படி கையை நெஞ்சுயரத்தில் வையுங்கள், பின்னால் போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆளைப் பழித்துப் பேசாமல் செய்கிற காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: "அவங்க வேண்டாம்னு சொல்றாங்க, விட்டுடுங்க." அவர் கையைத் தொடாதீர்கள், தொட்டால் கைகலப்புதான்.

2001 ஜனவரியில் டோக்கியோவின் ஷின் ஒகுபோ ரயில் நிலையத்தில், தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைத் தூக்க இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் கொரியாவிலிருந்து படிக்க வந்த மாணவர், இன்னொருவர் ஜப்பானியப் புகைப்படக்காரர். ரயில் வந்துவிட்டது, மூன்று பேருமே இறந்துபோனார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது, அந்த மனிதர்களின் ஈரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அதனாலேயே இதைச் சொல்கிறேன், நடைமேடைக்கு நடைமேடை அவசர நிறுத்தப் பொத்தானோ உதவி அழைப்புக் கருவியோ இருக்கிறதா என்று நீங்கள் தினமும் ஏறும் நிலையத்தில் ஒரு முறை தேடிப் பார்த்து வையுங்கள். யாராவது விழுந்தால் முதலில் அதை அழுத்துங்கள், கையை வீசி வண்டிக்காரருக்குச் சைகை காட்டுங்கள். சில பாதைகளில் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கம்பியிலேயே மின்சாரம் ஓடும், இறங்கினால் நீங்களும் சேர்ந்து போவீர்கள்.

நெரிசலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் சியோலின் இடேவோனில் 150க்கும் அதிகமானோர் ஒரு குறுகலான சந்தில் நெரிசலில் சிக்கி உயிரிழந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் என்று ஆகிவிட்டால் நம் உடம்பு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. நாலு பக்கமும் தோள் இடிக்கத் தொடங்கும்போதே கிளம்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள், மூச்சு விட அந்த இடம்தான் வேண்டும். எதிர்த்துத் தள்ளாமல் அலையோடு போய், ஓய்கிற நேரத்தில் சாய்வாக ஓரம் நோக்கி நகருங்கள். செருப்பு கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியாதீர்கள்.

வீடியோ எடுப்பது

எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கோபப்படுகிறோம். படம் எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், சில நேரம் அதுதான் சாட்சி. ஆனால் முதலில் வேறு யாராவது உதவிக்குப் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். யாரும் போகவில்லை என்றால் உங்கள் கைக்குக் கேமரா வேலை இல்லை. எடுக்கும்போது தள்ளி நின்று, போனை அசைக்காமல், தெருப்பலகையோ கடைப் பெயரோ தெரியும்படி ஒரு முறை காட்டி, நாளையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள். எடுத்ததை இணையத்தில் ஏற்றாதீர்கள். அடிபட்டவரிடம் கொடுத்துவிடுங்கள், என்ன செய்வது என்று அவர் முடிவு செய்யட்டும். தன் வாழ்க்கையின் மோசமான பத்து நிமிடத்தை ஊரே பார்க்கட்டும் என்று யார்தான் நினைப்பார்கள்?

முடிந்த பிறகு

ஆள் போய்விட்டான், கூட்டம் கலைந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் தனியாக நிற்பார், பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரத்தில் போய், "நான் பார்த்தேன், அவர் செஞ்சது தப்பு. உங்களுக்கு ஒண்ணுமில்லையே? கொஞ்ச நேரம் கூட இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். நடக்கும்போது ஒன்றும் செய்ய முடியாமல் போனவர்களும் இதைச் செய்யலாம். நான் அந்த ரயிலில் இதையாவது செய்திருக்கலாம். "இந்நேரத்துக்கு உனக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம், எந்த நேரத்திலும் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்பதும் அவர் முடிவு. நீங்கள் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, சாட்சி தேவைப்பட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குப் போனதும் தூங்குவதற்கு முன் பார்த்ததை எழுதி வையுங்கள், இரண்டு நாளில் ஞாபகம் குழம்பிவிடும், மற்றவர்கள் சொன்னதெல்லாம் நாமே பார்த்தது போல ஆகிவிடும். உயரம், உடல்வாகு, நடை, பேச்சு, தழும்பு, வண்டி எண், போன திசை. செருப்பையோ ஷூவையோ முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஓடுகிற வழியில் சட்டையைக் கழற்றிப் போடுபவர்கள் காலில் இருப்பதை மாற்றுவது அபூர்வம். கண்ணால் பார்த்தது எது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது எது என்று பிரித்து எழுதுங்கள்.

அன்றிரவு உங்களுக்குக் கை நடுங்கலாம், தூக்கம் வராமல் போகலாம், இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று மறுபடி மறுபடி ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பு தன் பயத்தைத் தாமதமாக இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான். யாரிடமாவது முழுக்கச் சொல்லுங்கள். சில வாரம் ஆகியும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தால் மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். படிக்கட்டில் அந்தப் பெரியவரை ஆம்புலன்சில் ஏற்றிவிட்ட பிறகு, நானும் அந்த மஞ்சள் தொப்பித் தம்பியும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். இரண்டு பேருக்குமே கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, நீங்க என்னைக் கூப்பிடலைன்னா நான் அப்படியே போயிருப்பேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, முதலுதவிப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டான்.